இல்லாத பல்லி சொன்ன சம்பந்தங்கள்

நாற்பத்தெட்டு வயதில், ஏழு மாதமாக, ஒரு பல்லியிடம் கேட்டுக் கேட்டுக் கலியாணம் பேசியவன் நான். மூடநம்பிக்கைகளைச் சாடி இரண்டு சஞ்சிகைகளில் காரசாரமாக எழுதியவனும் நானே. அந்தக் கட்டுரைகள் அச்சான அதே மாதங்களில், பஞ்சாங்கத்திலிருந்து பல்லி சொல்லுக்குப் பலன் கூறும் பக்கத்தைக் கத்தரித்து, கிழியாமல் இருக்கப் பிளாஸ்ரிக் உறை போட்டு, சேர்ட் பொக்கற்றில் வைத்துக்கொண்டு திரிந்தேன். இவ்வளவையும்கூட ஒருவாறு ஒப்புக்கொண்டுவிடலாம். ஒப்புக்கொள்ளக் கூசுவது மற்றது: அந்த வீட்டில் பல்லியே இருக்கவில்லை.

வீடு புளியங்கூடலில், ஓர் ஒழுங்கையின் கடைசியில் இருக்கிறது. அந்த ஒழுங்கையில் ஒன்பது வீடுகள். ஆட்கள் இருப்பது இரண்டில். மற்ற வீட்டுக்காரர்கள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, வீடுகள் மட்டும் பெயின்ற் அடித்தபடி, கேற்றில் பூட்டுத் தொங்க, யாருக்கோ காத்து நிற்கின்றன. மத்தியான நேரத்தில் அந்த ஒழுங்கையால் போனால் காவோலைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் மட்டும் கேட்கும். சைக்கிளை மிதிக்காமல் இறங்கி உருட்டிக்கொண்டு போகத் தோன்றும். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆளில்லாத வீடுகளின் திறப்புகள் எல்லாம் என் நண்பன் ஒருவனிடம் இருந்தன. ஒரு வளையத்தில் கோத்து இடுப்பில் மாட்டியிருப்பான். அவன் நடந்தால் மணி கட்டிய மாடு வருவதுபோல இருக்கும். ஊரில் அவனுக்குத் திறப்புக்காரன் என்று பெயர். வயது நாற்பத்தைந்து. தண்ணீர்ப் பம்புகள் திருத்துவான். மீதி நேரத்தில் அடுத்தவர்களின் வீடுகளைக் கூட்டி, யன்னல் திறந்து, காற்று விட்டு, மறுபடி பூட்டுவான்.

வீடு திறப்பதற்கு அவனிடம் ஒரு முறை இருந்தது. கதவில் இரண்டு தட்டுத் தட்டுவான். "நான் வந்திட்டன்" என்று உரத்துச் சொல்லுவான். பிறகு மூன்று மூச்சு விடும் நேரம் சும்மா நிற்பான். அதற்குப் பிறகுதான் பூட்டுக்குள் திறப்பு போகும். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"உள்ளுக்கு என்ன இருக்கோ ஆருக்குத் தெரியும்? பாம்பு எண்டாலும் சரி, வேற எண்டாலும் சரி, விலத்திப் போக நேரம் குடுக்க வேணும்."

"வேற எண்டால்?"

"நீதானே கட்டுரை எழுதிறனீ. நீ சொல்லு."

உள்ளே போனதும் வீட்டுக்குச் செய்தி சொல்லுவான். "கிணத்தடி வாழை குலை தள்ளியிருக்கு. பின் மதிலில ரெண்டு கல்லு விழுந்திட்டுது, செவ்வாய்க்கிழமை வைச்சுக் கட்டுறன்." தும்புக்கட்டையால் கூட்டிக்கொண்டே, வீட்டில் யாரோ நோயாளி படுத்திருப்பது போல, மெல்லிய குரலில் சொல்லுவான். முதல் தடவை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாம் தடவை, அவன் சொல்லி முடித்த பிறகு வரும் அமைதியைக் கவனித்தேன். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பதினொரு மணிக்கு நாங்கள் மூன்று பேர் அங்கே கூடுவோம். மூன்றாமவன் ஊர்காவற்றுறைப் பக்கத்து வேதக்காரன், மாதா கோயில் பூசை முடித்து வருபவன், கடற்றொழில். சொந்தமாக ஒரேயொரு வள்ளம் வைத்திருந்ததால், பல வள்ளங்களின் முதலாளிபோல, சம்மாட்டி என்று பட்டம் கட்டியிருந்தோம். மனைவி காய்ச்சலில் போய் ஆறு வருடம். நான் வேலணையில் ஒரு கந்தோரில் கோப்புகளுக்கு நடுவில் இருப்பவன். அக்கா வீட்டில் சாப்பாடு. மூவருக்கும் ஒரே வருத்தம்தான். சாகிறதுக்கு முன் ஒரு குடும்பம் வேண்டும்.

ஆளில்லாத வீட்டில் கூடியதற்குக் காரணம் இன்ரநெற். கேற்றில் ஒரு கமரா இருந்தது. அதற்காக வீட்டுக்காரி கனடாவிலிருந்தே இணைப்பு எடுத்து வைத்திருந்தார். நாங்களும் பாவிக்கலாமோ என்று திறப்புக்காரன் கேட்டபோது ஓம் என்றாராம். சாமியறைக்குள் விளக்கு இல்லை. அந்த இணைப்புப் பெட்டியின் பச்சைப் பொட்டுகள்தான் இமைத்துக்கொண்டிருக்கும். அதன் புண்ணியத்தில் புரோக்கர் அனுப்பும் படங்களையும் சாதகங்களையும் இறக்கிப் பார்ப்போம்.

அந்த வீட்டுக்காரி அந்த வீட்டின் கடைசி மகள். மாதம் பிறந்தால் திறப்புக்காரனுக்கு ஒரு போன் எடுப்பார். பம்ப், தென்னை, மதில் என்று இரண்டு நிமிடப் பேச்சு. "மற்ற வீட்டுக்காரர் எல்லாரும் என்னைத் தம்பி எண்டோ அண்ணை எண்டோ கூப்பிடுவினம். இவ ஒண்டும் சொல்லிக் கூப்பிடுறேல்லை" என்று அவன் ஒருமுறை சொன்னான். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

ஹோலில் நான்கு கதிரைகள். நான்கையும் வெள்ளை வேட்டித் துணியால் மூடியிருந்ததால், முக்காடு போட்ட நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து எதையோ கதைத்துக்கொண்டிருந்து, நாங்கள் வந்ததும் நிறுத்தியதுபோல இருக்கும். நாங்கள் மூன்று துணியை எடுத்து மடித்துவிட்டு இருப்போம். நான்காவது கதிரை முக்காட்டோடேயே எங்களுடன் இருக்கும். சுவரில் மாலை போட்ட அப்பா, அம்மா. அம்மாவின் படம் புதிது. அவர் போய் ஒரு வருடம் ஆகவில்லை. நடு முகட்டில் ஒரு குமிழ். முந்திய திருவிழாவுக்கு வந்து நின்ற உறவுக்காரர் ஒருவர் பூட்டிவிட்டுப் போனது. அது எரிந்து நான் கண்டதேயில்லை. ஆனால் அதன் சுவிச்சை ஒருநாளும் நூர்க்கக் கூடாது என்பது வீட்டுக்காரியின் கட்டளை.

"எரியாத லைற்றுக்கு என்னத்துக்கடா சுவிச்?"

"சொன்னவ. செய்யிறன்" என்றான் திறப்புக்காரன்.

அந்த முகட்டிலிருந்துதான் முதல் வாக்கு வந்தது. சம்மாட்டி தனக்கு வந்த சம்பந்தத்தை வாசித்துக்கொண்டிருந்தான்.

"நெடுந்தீவு. முப்பத்தொன்பது வயது. புருசன் கடலில போய்த் திரும்பேல்லை. ஆறு மாடு, கொஞ்ச ஆடு. பிள்ளையள் இல்லை."

இச், இச், இச்.

என் சுட்டுவிரல் என்னைக் கேளாமலே கதிரைக் கையில் மூன்று தரம் தட்டியது. பல்லி சொன்னால் தட்ட வேண்டும் என்பது சிறுவயதில் கைக்குள் போன பழக்கம். அது கட்டுரைகள் வாசிப்பதில்லை.

"எங்கட வேதத்தில பல்லி இல்லை" என்றான் சம்மாட்டி. பிறகு, "எண்டாலும் என்ன சொல்லுது எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லு" என்றான்.

இப்படித்தான் பஞ்சாங்கம் என் பொக்கற்றுக்குள் வந்தது. ஆனால் என்னிடமிருந்த பக்கத்தில் எட்டுத் திசைக்கு மட்டுமே பலன் போட்டிருந்தார்கள். இது நடு முகட்டில் இருந்து சொல்லும் பல்லி. இரண்டு ஞாயிறு விவாதித்து ஒரு விதி செய்தோம்: சொன்னால் ஓம், சொல்லாவிட்டால் இல்லை.

நான்காம் மாதம் சம்மாட்டி நெடுந்தீவில் தாலி கட்டினான். அடுத்த மாதமே மனைவிக்கு மசக்கைச் சத்தி. வெட்கமும் பெருமையுமாக வந்து சொன்னவன், வேதக்காரன், முகட்டைப் பார்த்துத் தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு இருந்தான். அதற்குப் பிறகு அந்தப் பல்லியை எதிர்த்துப் பேச ஆளில்லை.

எனக்கு அது தாராளமாகவே சொன்னது. பதினொரு சம்பந்தம் வாசித்தேன், பதினொன்றுக்கும் சொன்னது. இல்லை என்று ஒன்றுக்காவது சொல்லியிருந்தால் வசதியாக இருந்திருக்கும். பதினொரு ஓமை வைத்துக்கொண்டு எதைத் தெரிவது என்று யோசித்துக்கொண்டிருக்க, அந்தப் பெண்கள் ஒவ்வொருவராக வேறு இடங்களில் கலியாணம் செய்து போனார்கள்.

திறப்புக்காரனுக்கு அது சொல்லவேயில்லை. ஒன்பது சம்பந்தம். ஒவ்வொன்றையும் வாசித்து முடித்ததும் மூவரும் நிமிர்ந்து பார்ப்போம். வெளியே வெயில் வெள்ளையாக எரியும். உள்ளே யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பதுபோல இருக்கும். "சரி, விடு" என்று அவன் போனை மடியில் வைப்பான். ஒவ்வொரு தடவையும் அவன் கொஞ்சம் சுருங்கியதை நான் பார்த்தேன்.

ஒரு ஞாயிறு அவர்கள் இருவரும் கிணற்றடியில் நின்ற நேரம், பல்லியை நேரில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். படங்களுக்குப் பின்னால் தேடினேன். அலுமாரிக்கு மேல் தேடினேன். பல்லி இருந்தால் எச்சம் இருக்கும், முட்டைக் கோது இருக்கும். ஒன்றுமில்லை. திறப்புக்காரன் மாதாமாதம் பூச்சி மருந்து அடிப்பவன், சிலந்திகூட இல்லை. கடைசியில் நான்காவது கதிரையை முக்காட்டோடு இழுத்து, அதன் மேல் ஏறி, குமிழைத் தொட்டுப் பார்த்தேன்.

எரியாத குமிழ் சூடாக இருந்தது.

இறங்கினேன். நிமிர்ந்து பார்த்தபோது, குமிழில் இருந்த ஒரு கறுப்புப் பொட்டு நான் நின்ற பக்கம் மெல்லத் திரும்பியதுபோலப் பட்டது. அப்போதுதான் அந்தச் சத்தம். ஒரு கரண்டி, கோப்பைக்குள், நிதானமாக, சுற்றிச் சுற்றிக் கலக்கும் சத்தம். மேலே இருந்து வந்தது. ஆனால் மேலே இருந்து அப்படி ஒரு சத்தம் வராது என்று தெரிந்ததால் குசினிக்குள் போய்ப் பார்த்தேன். கோப்பைகள் அலுமாரிக் கண்ணாடிக்குள், தூசியோடு, கவிழ்ந்தபடியே இருந்தன.

வாசிக்கும் உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. நான் நிறைய வாசித்தவன், அதுதான் காரணம். என் மூளைக்குள் ஆவிகளைப் பற்றி அலுமாரி அலுமாரியாக விசயம் இருந்தது; மின்சாரச் சாமான்களைப் பற்றி ஒரு துண்டுப் பிரசுரமும் இருக்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் கதிரையைப் பழைய இடத்தில் வைத்தேன். அன்றிலிருந்து நானும் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போனேன்.

பிறகு திறப்புக்காரனுக்குக் காரைநகர்ச் சம்பந்தம் வந்தது. நாற்பது வயது, மருந்துக் கடையில் வேலை. சாதகம் பொருந்திவிட்டது. பெண் அவனைக் கோயிலில் வைத்துப் பார்த்து, முகம் பிடித்திருக்கு என்று சொல்லியும் விட்டார். சுவிஸில் இன்னொரு மாப்பிள்ளை காத்திருந்ததால் ஞாயிறு பின்னேரத்துக்குள் பதில் வேண்டும் என்றார் புரோக்கர்.

"பல்லி சொன்னால் ஓம், சொல்லாட்டி இல்லை" என்றான் திறப்புக்காரன்.

"உனக்கு விசரே? பெண்ணே ஓம் எண்டிட்டுது" என்றான் சம்மாட்டி.

"உனக்குச் சொன்னது. நடந்தது. எனக்குச் சொல்லாததை நான் எப்பிடிக் கட்டுறது?" கொஞ்ச நேரம் வளையத்திலிருந்த திறப்புகளை ஒவ்வொன்றாகத் தள்ளினான். "இது தவறினால் நான் இனிப் பேசமாட்டன். நான் பெரிசா ஒண்டும் கேக்கேல்லையடா. கதவில தட்டி, நான் வந்திட்டன் எண்டு சொன்னால், உள்ளுக்கிருந்து ஆராவது ஓம் எண்டு சொல்ல வேணும். அவ்வளவுதான்."

அன்று இரவே முடிவெடுத்தேன். அடுத்த மூன்று நாளும் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு பல்லியைப் போலச் சொல்லப் பழகினேன். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுக்க வேண்டும், வேகம் முக்கியம். "உனக்குப் பல்லுக்கொதியோ?" என்று அக்கா கதவுக்கு வெளியே நின்று கேட்டா. ஓம் என்றேன். கராம்பு கொண்டுவந்து தந்தா.

ஞாயிறு. பதினொன்றரை மணி. காற்று விழுந்துவிட்டிருந்தது, காவோலைச் சத்தமும் இல்லை. திறப்புக்காரன் காரைநகர்ப் பெண்ணின் விபரத்தை ஒரு வரி விடாமல் வாசித்தான். வாசித்து முடித்து நிமிர்ந்தான். முகடு பேசவில்லை. நான் எழும்பி, தண்ணி குடிக்கப் போவதாகச் சொல்லி, குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

இச், இச், இச்.

ஹோலில் சம்மாட்டியின் விரல் கதிரையில் தட்டுவது கேட்டது. "சொல்லிட்டுதடா!" என்றான். திறப்புக்காரன் ஏழு மாதமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டான். நான் வெற்றியோடு, கையில் வெறும் கிளாசோடு, ஹோலுக்குள் வந்தேன்.

அப்போது முகட்டிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. சத்தமாக இல்லை. வெகுநேரம் பேசாதிருந்த தொண்டையிலிருந்து வரும் கரகரப்போடு, எங்கள் தலைகளுக்கு நேர் மேலே.

"அது நான் இல்லை."

புயலில் வள்ளம் விட்டவன் சம்மாட்டி. "என்ர சேசுவே" என்று சிலுவை போட்டபடி விறாந்தையைத் தாண்டி முற்றத்தில் போய் நின்றான். என் கால்கள் ஓடவில்லை. அது துணிவல்ல, அவை வேறு யாருடையவோ போல இருந்தன. இரண்டு கையையும் கூப்பி, முகட்டைப் பார்த்து, "தாயே, எங்களுக்குச் சீதனம் ஒண்டும் வேண்டாம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.

திறப்புக்காரன் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தான். குமிழை நெடுநேரம் பார்த்தான்.

"நீங்களோ?" என்றான்.

"ஓம்."

மாதம் பிறந்தால் வரும் குரல். அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது. அது குமிழ் இல்லை, குமிழ் மாதிரிச் செய்த கமரா, பார்க்கும், கேட்கும், பேசும் என்பதை அந்தக் குரலே சொன்னது.

"எவ்வளவு காலமாய்?"

"திருவிழா முடிஞ்ச கிழமையில இருந்து."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" அவன் குரலில் கோபம் இருந்தது. களவு நடக்காத வீட்டில் தன்னைக் கள்ளனாகப் பார்த்துவிட்டார்களோ என்ற கோபம்.

"சொன்னால் நீங்கள் வீட்டோட கதைக்கமாட்டியள்" என்றது குரல். "நான் வந்திட்டன் எண்டு சொல்லமாட்டியள். இஞ்ச என்னட்டை ஆரும் அப்பிடிச் சொல்லுறேல்லை."

காற்று மறுபடி எழுந்து, வெளியே காவோலைகள் அசைந்தன.

"பல்லி?"

"கதைக்கிற பட்டனை அமத்தினால் அங்க அப்பிடிச் சத்தம் கேக்கும் எண்டு முதல் எனக்குத் தெரியாது. சம்மாட்டி அண்ணை வாசிக்கேக்க தெரியாமல் கை பட்டிட்டுது. நீங்கள் பல்லி எண்டியள். அந்த நெடுந்தீவு அக்கா நல்லவவாய்த் தெரிஞ்சா. பிறகும் கேட்டியள், தெரிஞ்சுதான் அமத்தினனான்."

"எனக்கு ஒருநாளும் அமத்தேல்லை."

பதில் வரவில்லை. நான் அந்த மௌனத்தைப் பத்துத் தடவை கேட்டிருக்கிறேன். இப்போதுதான் அதற்கு முகம் வந்தது.

"அங்க இப்ப என்ன நேரம்?" என்றான் திறப்புக்காரன்.

"விடியப்புறம் ரெண்டு."

"நித்திரை கொள்ளேல்லையோ?"

"ரெண்டு மணிக்கு எழும்பி அம்மாவுக்கு மருந்து குடுக்கிறனான். இப்ப அம்மா இல்லை. முழிப்பு மட்டும் வருது. எழும்பி வீட்டைப் பாத்துக்கொண்டிருப்பன்."

சுவரில் அம்மா மாலைக்குள்ளிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தா. திறப்புக்காரன் எழுந்து, நான்காவது கதிரையின் துணியை எடுத்து, நான்காக மடித்து, பக்கத்தில் வைத்தான்.

"ஏதும் சாப்பிட்டனீங்களோ?" என்று குமிழைக் கேட்டான்.

நான் கிளாசை வைத்துவிட்டு முற்றத்துக்குப் போனேன். புரோக்கருக்கு அன்று பின்னேரம் இல்லை என்று பதில் போனது. காரைநகர்ப் பெண்ணுக்குச் சுவிஸ் மாப்பிள்ளை சரிவந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். என் மனச்சாட்சி அதைக் கேட்டு அரைவாசி நித்திரை கொண்டது.

அடுத்த ஆனியில் வீட்டுக்காரி வந்து இறங்கினார். ஊர்க் கோயிலில் கலியாணம். கனடாவில் இருந்த வேலையை எழுதிக் கொடுத்துவிட்டே வந்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. கலியாணம் முடிந்த முதல் ஞாயிறு எங்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். சம்மாட்டி மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்திருந்தான். நான் அக்கா தந்துவிட்ட பலகாரத்தோடு போனேன். ஹோலில் துணி போட்ட கதிரை ஒன்றுமில்லை. முகட்டில் சாதாரணக் குமிழ், பகலிலும் எரிந்தது. தயிர் வாங்கப் போன திறப்புக்காரன் திரும்பி வந்து, திறந்து கிடந்த கதவில் இரண்டு தட்டுத் தட்டினான்.

"நான் வந்திட்டன்."

"ஓம்" என்றது குசினி.

அவன் வாசலில் மூன்று மூச்சு விடும் நேரம் நின்றான். பழக்கம் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்த பிறகு அப்படி நினைக்கவில்லை.

சாப்பிடும்போது, பொறுக்க முடியாமல், அவரிடம் கேட்டேன். "உள்ளதைச் சொல்லுங்கோ. எனக்குப் பதினொரு தரம் அமத்தினனீங்கள். அதில எது எனக்குப் பொருத்தம் எண்டு நினைச்சனீங்கள்?"

கறிக் கரண்டி நடுவில் நின்றது.

"உங்களுக்கு நான் ஒருநாளும் அமத்தேல்லையே அண்ணை" என்றார். "நீங்கள் வாசிக்கத் தொடங்கினால் நான் தேத்தண்ணி போட எழும்பிப் போயிடுவன்."

எல்லோரும் மெதுவாக முகட்டைப் பார்த்தோம். பூச்சி மருந்து அடித்த, வெள்ளை அடித்த, ஒரு கீறல்கூட இல்லாத முகடு. அங்கிருந்து பார்வையை எடுத்தபோது, அவர் மட்டும் அம்மாவின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். என் கையில் பிசைந்த சோறு ஆறிப்போயிருந்தது.

சம்மாட்டிதான் முதலில் வாய் திறந்தான், குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டபடி.

"பயப்பிடாதை மச்சான். அது ஆராய் இருந்தாலும், உன்னை ஆருக்காவது கட்டிக்குடுத்து இந்த வீட்டை விட்டு அனுப்பத்தான் பாத்திருக்கு. பதினொரு தரம்."